கல்லறையா? படுக்கையறையா?



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்ட மலர்க்குழு நண்பர்கள், "எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுது. ஹாஸ்டல் சாம்பார் மட்டும் வேண்டாம், அதற்கு ஏற்கெனவே ஏழு கட்டுரை வந்துவிட்டது" என்றார்கள். சரி என்று கல்லறைத் தோட்டத்தைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டேன். பல ஆண்டு கழித்துச் சந்திக்கிற நேரத்தில் இது என்ன அபசகுனம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் சொல்லப் போகிற ஆட்கள் சாவைக் கண்டு முகம் சுளிக்காதவர்கள். அவர்கள் வரைந்து வைத்த படங்களில் ஒரு மண்டை ஓடு கூட இல்லை.

சிவில் முடித்த நான் இப்போது மெட்ரோ ரயில் சுரங்கப் பணியில் இருக்கிறேன். வேலை நிமித்தமாகப் பயிற்சிக்கு இத்தாலி போயிருந்தபோது, கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ரோமாபுரியின் ஆப்பியன் சாலையில் உள்ள கலிஸ்துஸ் நிலத்தடிக் கல்லறைகளைப் பார்க்கப் போனேன். நான் கிறிஸ்தவன் அல்ல. பக்தியால் போகவில்லை, தொழில் ஆசையால் போனேன். மிஷின் இல்லாமல், குந்தாலியும் கூடையும் எண்ணெய் விளக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, சுமார் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஒன்றன் கீழ் ஒன்றாகச் சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள் என்றால் எந்தச் சுரங்கக்காரனுக்குத்தான் பார்க்கத் தோன்றாது?

பெயரிலேயே விஷயம் இருக்கிறது

ஆங்கிலத்தில் 'செமட்ரி' என்கிறோமே, அதன் மூலச்சொல் 'கொய்மெத்தேரியோன்' என்ற கிரேக்கச் சொல். அதற்குத் 'தூங்கும் இடம்' என்று பொருள். படுக்கையறை என்றே சொல்லலாம். அதைப் புதைகுழி நிலத்துக்குப் பெயராக்கியவர்கள் ஆதிக் கிறிஸ்தவர்கள். ரோமர்கள் 'செத்தவர் நகரம்' என்று நினைத்த இடத்தை இவர்கள் 'தூங்குகிறவர்களின் அறை' என்றார்கள். தூங்கினவன் எழுந்திருப்பான் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

இன்னொரு சொல்லும் உண்டு. கல்வெட்டுகளில் 'அடக்கம் செய்யப்பட்டார்' என்பதற்கு அவர்கள் பயன்படுத்திய லத்தீன் சொல் 'டெப்போசித்துஸ்'. நாம் பாங்கில் போடுகிற டெப்பாசிட் இருக்கிறதே, அதே வேர்ச்சொல்தான்! திரும்பப் பெறுவதற்காக நம்பி ஒப்படைத்த பொருள். உடலை மண்ணுக்குக் கொடுத்துவிடவில்லை, ஒப்படைத்து வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு நம் ஊர்க் கல்லறைகள்தான் ஞாபகம் வந்தன. 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று நம் ஊர்ப் பேப்பர்களில் எத்தனை மரண அறிவிப்பு பார்த்திருக்கிறோம்! அது வெறும் மரியாதைச் சொல் அல்ல. அந்தப் பழைய கருத்து அப்படியே தமிழில் உட்கார்ந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் கல்லறைத் தோட்டத்தைச் 'சேமக்காலை' என்பார்கள். அதிலும் 'சேமம்' என்ற சொல் ஒலிக்கிறது பாருங்கள்.

மண்ணுக்குள்ளே அடுக்குமாடி

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவிடலாம். சினிமாவில் காட்டுகிற மாதிரி அவை ஒளிந்துகொள்வதற்காகத் தோண்டிய குகைகள் அல்ல. ரோமச் சட்டப்படி நகரத்துக்குள்ளே பிணத்தைப் புதைக்கக் கூடாது. அதனால் எல்லா மதத்தாரும் நகரத்துக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரங்களில்தான் கல்லறை கட்டினார்கள். நிலத்தின் விலை ஏறியது. எரிக்கும் பழக்கம் குறைந்து, புதைக்கும் பழக்கம் கூடியது. கிறிஸ்தவர்களில் ஏழைகள் அதிகம். மேலே இடமில்லை என்றால் கீழே போக வேண்டியதுதானே! யூதர்களும் இப்படித் தோண்டியிருக்கிறார்கள்.

ரோமைச் சுற்றியுள்ள மண் 'டஃப்' என்கிற எரிமலைப் பாறை. வெட்டும்போது மென்மையாக இருக்கும், காற்றுப்பட்டால் இறுகிக்கொள்ளும். சப்போர்ட் இல்லாமலே நிற்கும். இந்த மாதிரி மண் கிடைக்க நாங்கள் தவம் கிடக்கிறோம்! சுமார் ஒரு மீட்டர் அகலத்துக்கு நடை வெட்டி, இரண்டு பக்கச் சுவரிலும் ரயில் பெர்த் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கைப் பொந்துகள் குடைந்தார்கள். இந்தப் பொந்துக்கு 'லோக்குலுஸ்' என்று பெயர், 'சின்ன இடம்' என்று பொருள். உடலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து, வாய்ப்பக்கத்தை ஓட்டாலோ சலவைக்கல்லாலோ மூடிச் சாந்து பூசினார்கள். இடம் தீர்ந்தால் நடையின் தரையையே இன்னும் கீழே வெட்டினார்கள். அதனால் பல இடங்களில் மேல்வரிசை பழையது, கீழ்வரிசை புதியது. நாம் கட்டுகிற அடுக்குமாடிக்கு நேர் தலைகீழ். மண்ணை வெளியே எடுக்க வெட்டிய செங்குத்துக் குழிகளே பிறகு வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உதவின.

இதையெல்லாம் செய்தவர்கள் 'ஃபொஸ்ஸோர்' எனப்பட்ட தோண்டுகிறவர்கள். டொமித்தில்லா சுரங்கத்தில் டயோஜெனஸ் என்ற ஃபொஸ்ஸோரின் படத்தைக் குந்தாலியோடு வரைந்து வைத்திருந்தார்கள். 4-ஆம் நூற்றாண்டு வாக்கில் இவர்களைத் திருச்சபைப் பணியாளர்களின் வரிசையிலேயே சேர்த்து எண்ணினார்கள். நம் ஊரில் குழி வெட்டுகிறவருக்கு நாம் கொடுக்கிற மரியாதை என்னவென்று உங்களுக்குத் தெரியும். அதை நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

சின்னச் சின்ன அடையாளங்கள்

மூடிய கல்லில் என்ன செதுக்கினார்கள்? பெயர், 'சமாதானத்தில்' என்று ஒரு சொல், பிறகு ஒரு சின்னப் படம். பெரிய சிற்பிகள் வேண்டியதில்லை, தோண்டுகிறவரே ஆணியால் கீறிவிடலாம்.

மீன்: கிரேக்கத்தில் மீனுக்கு 'இக்துஸ்' என்று பெயர். அதன் ஐந்து எழுத்துகளும் 'இயேசு கிறிஸ்து, கடவுளின் மகன், மீட்பர்' என்பதன் முதலெழுத்துகள். நங்கூரம்: புயலில் கப்பலைப் பிடித்து நிறுத்துவது, நம்பிக்கையின் அடையாளம். ஒலிவக் கிளையோடு புறா: சமாதானம். தோளில் ஆட்டைச் சுமந்த நல்ல ஆயன். கைகளை விரித்து மேலே தூக்கி ஜெபிக்கிற உருவம். மீனின் வயிற்றிலிருந்து மீண்ட யோனா.

இவற்றில் பாதி அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. ஆட்டைத் தூக்கிய மேய்ப்பன் ரோமரின் வீட்டுச் சுவரிலும் உண்டு. கொடியின் கீழ் படுத்திருக்கும் யோனா, கிரேக்கக் கதையில் தூங்கிக்கொண்டே இருக்கும் எந்திமியோன் என்ற அழகனின் நகல். கையில் கிடைத்த பழைய படத்துக்குப் புதுப் பொருள் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

கவனிக்க வேண்டியது, அங்கே எது இல்லை என்பது. சிலுவை அபூர்வம். சிலுவையில் தொங்கும் இயேசு கிடையாது. இன்று கல்லறை என்றாலே நினைவுக்கு வருகிற, சிறகு விரித்து அழுகிற தேவதூதர் கிடையாது. அந்தக் கால ஓவியத்தில் தேவதூதருக்குச் சிறகே இல்லை! நம் ஊரில் பலர் கல்லறைகளில் பார்த்து 'பி, எக்ஸ்' என்று ஏதோ டிகிரி போலப் படிக்கிற அடையாளம், கிறிஸ்து என்ற கிரேக்கப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள். அது பெருகியது 312-இல் கான்ஸ்டன்டைன் வெற்றி பெற்ற பிறகுதான்.

மறதியும் மீட்பும்

5-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அங்கே புதைப்பது நின்றது. 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் புனிதர்களின் எலும்புகளை நகரக் கோயில்களுக்கு எடுத்துப் போனார்கள். பிறகு அநேகமாக மறந்தே போனது. 1578-இல் சலாரியா சாலை ஓரத் திராட்சைத் தோட்டம் ஒன்றில் பொசொலானா மண் தோண்டிய கூலியாட்கள் கண்ணில் ஓவியச் சுரங்கம் ஒன்று பட்டது. நாம் இரண்டாம் ஆண்டில் சிமெண்ட் பாடத்தில் படித்தோமே, அதே பொசொலானாதான்! அந்தோனியோ போசியோ என்பவர் வாழ்நாள் முழுக்கச் சுரங்கம் சுரங்கமாக ஊர்ந்து எழுதிய நூல், அவர் இறந்த பிறகு, 1632-ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் ஊர்க் கல்லறைகளில் ஒரு மாற்றமும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் கோயில் முற்றங்கள் பிணங்களால் நிரம்பி வழிந்தன. சுகாதாரக் கேடு தாங்காமல் 1804-இல் நெப்போலியன் ஆட்சி, ஊருக்கு வெளியேதான் புதைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. பாரிசில் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டம் அதே ஆண்டு திறக்கப்பட்டது. பழைய ரோமச் சட்டமே திரும்பி வந்த மாதிரி!

ஆனால் அந்தப் புதிய தோட்டங்களை எதை வைத்து அலங்கரித்தார்கள்? அஸ்திக் கலசம், தலைகீழாக அணைத்த தீப்பந்தம், உடைந்த தூண், எகிப்தியக் கூம்புத்தூண். லண்டனில் 1833-இல் திறந்த கென்சல் கிரீன் தோட்டத்துக்குக் கிரேக்கக் கோயில் முகப்பு. 1839-இல் திறந்த ஹைகேட்டில் எகிப்திய வாசல். "கிறிஸ்தவனைப் புதைக்க ஃபாரோவின் வாசல் எதற்கு?" என்கிற தோரணையில் கட்டடக் கலைஞர் பியூஜின் 1843-இல் ஒரு நூலில் இதைக் கேலி செய்து படமே போட்டார். சிலுவை வைத்தால் கத்தோலிக்கச் சாயல் வந்துவிடும் என்று இங்கிலாந்தின் புராட்டஸ்டன்டுகள் பலர் அன்று தயங்கினார்கள்.

இந்தச் சமயத்தில்தான் ஜொவான்னி பத்தீஸ்தா தெ ரோஸ்ஸி வருகிறார். 1849-இல் ஆப்பியன் சாலை ஓரத் திராட்சைத் தோட்டக் கொட்டகை ஒன்றில் உடைந்த சலவைக்கல்லைப் பார்த்தார். அதில் '...நேலியுஸ், மறைசாட்சி' என்று மட்டும் இருந்தது. 3-ஆம் நூற்றாண்டுப் போப்பாண்டவர் கொர்னேலியுஸின் கல்லாக இருக்குமோ என்று யூகித்து, அந்த நிலத்தை வாங்கும்படி போப்பாண்டவர் 9-ஆம் பத்திநாதரை வற்புறுத்தினார். 1852-இல் கல்லின் மீதித் துண்டும் கிடைத்தது. 1854-இல் போப்பாண்டவர்களின் அறையே திறந்தது. அவருடைய தம்பி மிக்கேலே நிலவியல் அறிஞர். நிலநடுக்க அளவில் ரோஸ்ஸி-ஃபோரல் என்று படித்தோமே, அந்த ரோஸ்ஸி! அண்ணன் கல்வெட்டைப் படிக்க, தம்பி நிலத்தடி மட்டங்களை சர்வே செய்தார். 1864 முதல் 1877 வரை வந்த மூன்று பெரிய தொகுதிகளில் படங்களோடு எல்லாம் அச்சேறின. 1869-இல் ஆங்கிலச் சுருக்கமும் வந்தது.

இந்தப் படங்கள் பரவப் பரவ, மீனும் நங்கூரமும் புறாவும் நல்ல ஆயனும் கல்லறைச் சிற்பிகளுக்கு மாதிரியாகிவிட்டன. தேடித்தந்த போப்பாண்டவருக்கே அது வாய்த்தது. 1881-இல் 9-ஆம் பத்திநாதரின் உடலை நகருக்கு வெளியே புனித லாரன்ஸ் கோயிலுக்கு மாற்றினார்கள். அவருடைய கல்லறை மண்டபத்தை ஆதிக் கிறிஸ்தவ பாணி மொசைக்கால் அலங்கரித்தார்கள். அந்தக் கோயிலை ஒட்டித்தான் ரோமின் இன்றைய பெரிய கல்லறைத் தோட்டமான வெரானோ இருக்கிறது. அதன் அடியில் இருப்பது சிரியாக்காவின் பழைய நிலத்தடிக் கல்லறை. புதிய தோட்டத்துக்காகக் குன்றை வெட்டியபோது பழைய கல்லறைகள் சில சிதைந்தன என்பது வருத்தமான உண்மை.

வடிவமும் திரும்பியது. இத்தாலியில் இன்று கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் சுவர் சுவராக அடுக்குப் பொந்துகள் இருக்கும். பெயர் என்ன தெரியுமா? 'லோக்குலோ'. 1,800 வருஷத்துப் பெயர்! ஸ்பெயினில் பார்சலோனா அருகே இகுவாலாதாவில் என்ரிக் மிராயெஸ், கார்மே பினோஸ் என்ற இரு கட்டடக் கலைஞர்கள் அமைத்த கல்லறைத் தோட்டத்தில், நிலத்தைக் கீறி இறங்குகிற பாதையின் இரு பக்கமும் கான்கிரீட் பொந்துச் சுவர்கள். 2000-இல் இறந்த மிராயெஸும் அங்கேதான் துயில்கிறார்.

நம் ஊருக்கு வந்த கேள்வி

இவ்வளவு கதையும் எனக்குக் கை கொடுத்தது ஒரு பங்குப் பேரவைக் கூட்டத்தில். நம் வகுப்புத் தோழன் ஒருவனின் ஊரில் கல்லறைத் தோட்டம் நிரம்பிவிட்டது. மூன்று பக்கமும் வீடுகள், ஒரு பக்கம் ரோடு. இருக்கிற இடத்தில் பாதி, கிரானைட் போட்ட குடும்பக் கல்லறைகள். இல்லாதவர்களுக்கு ஒரு மூலை. அதுவும் தீர்ந்துவிட்டது. பழைய குழியை எப்போது தோண்டலாம் என்பதில் இரண்டு குடும்பங்களுக்குள் கைகலப்பே வந்ததாம். "மச்சான், காம்பவுண்டு ஓரமா அடுக்குச் சுவர் கட்டலாமான்னு பார்த்துச் சொல்லுடா" என்று கூப்பிட்டான்.

வரைபடத்தை விரித்தேன். கூட்டத்தில் ஒரு வயதான அம்மா எழுந்து, "தம்பி, நீங்க படிச்சவங்க. ஆனா எங்க வீட்டுக்காரரைக் கடையில சாமான் அடுக்குற மாதிரி செவுத்துல அடுக்கச் சொல்றீங்களே, மனசு கேக்குமா?" என்றார். சபையே அமைதியாகிவிட்டது. சிக்கன கணக்கு, ஸ்கொயர் ஃபீட் கணக்கு எதுவும் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

கலிஸ்துஸில் நான் பார்த்ததைச் சொன்னேன். "அம்மா, 3-ஆம் நூற்றாண்டுப் போப்பாண்டவர்கள் 9 பேரை ஒரே அறையில வச்சிருந்தாங்க. அதுவும் செவுத்துப் பொந்துலதான். மூடுன கல்லுல பேரும் ஆயர்ங்கிற பட்டமும், அவ்வளவுதான்" என்றேன். அதே ஊரில் வசதியானவர்களுக்குத் தனி அறையும் ஓவியக் கூரையும் இருந்தன என்பதையும் மறைக்கவில்லை. எல்லாரும் சமம் என்று அங்கேயும் முழுதாக நடந்துவிடவில்லை. ஆனால் தெருவில் அலைந்த ஏழைக்கும் தனக்கென்று ஒரு படுக்கை, அதில் தன் பெயர் என்பது அங்கே நடந்தது. அதே கலிஸ்துஸ் ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர். அவரிடம்தான் திருச்சபையின் கல்லறையை ஒப்படைத்தார்கள். பிறகு அவரே போப்பாண்டவரும் ஆனார்.

இன்னொரு பெரியவர், "சார், போட்டோ பதிச்ச கல் வைக்கலாமா?" என்றார். சிரிப்பு வந்தது. ரோமிலும் இதே ஆசை இருந்தது! தங்கத் தகட்டில் முகம் பதித்த கண்ணாடிப் பாத்திரங்களின் அடிப்பாகத்தைச் சாந்து காய்வதற்கு முன்பே அழுத்தி வைத்திருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர்கள் ஒரு காசையோ, பொம்மையையோ, விளக்கையோ பதித்தார்கள், தங்கள் ஆளை அடையாளம் கண்டுகொள்ள. மனுஷன் மாறவே இல்லை.

அந்த அம்மா கடைசியில் சொன்னது: "போப்பாண்டவருக்கே அதுதான்னா சரி. ஆனா மேல் வரிசை வேண்டாம் தம்பி, மெழுகுவத்தி வைக்கப் பிள்ளைங்களுக்கு எட்டாது. நடு வரிசை குடுங்க."

ஒரு வேண்டுகோள்

இப்போது வரைபடம் பேரவையின் பரிசீலனையில் இருக்கிறது. மூன்று வரிசை, வரிசைக்கு எட்டு. நமக்கு ரோமாபுரி டஃப் இல்லை, வெயிலும் மழையும் நம்முடையது. ஆகவே செங்கல் சுவரும் ஆர்.சி.சி. தளமும். ஒவ்வொரு பொந்துக்கும் பின்பக்கம் சாய்வு, அடியில் வடிகால், மேலே காற்றுக்குழாய். மூடுகிற பலகை எல்லாருக்கும் ஒரே அளவு. அதில் பெயர், இரண்டு தேதி, ஒரு சின்னம். நங்கூரம், புறா, மீன், ஆயன் இவற்றில் எது வேண்டுமோ அது. ஊர்க் கொத்தனாரே செதுக்கிவிடலாம், அதிகச் செலவில்லை.

நம்மில் ஸ்ட்ரக்சரல் படித்தவர்கள் இருக்கிறீர்கள், சுகாதாரப் பொறியியல் படித்தவர்கள் இருக்கிறீர்கள், உள்ளாட்சி விதிகள் தெரிந்த அதிகாரிகளும் இருக்கிறீர்கள். இந்தச் சந்திப்பின்போது அரைமணி நேரம் ஒதுக்கி வரைபடத்தைப் பார்த்துக் குறை சொல்லுங்கள், கடன்பட்டிருப்பேன். நிலத்தடி நீருக்குக் கெடுதல் வராமல் வடிகாலை எங்கே முடிப்பது என்பதில் எனக்கு இன்னும் உங்கள் யோசனை தேவை. நம் பாலமும் அணையும் எத்தனை வருஷம் நிற்கும் என்று கணக்குப் போடுகிறோம். பெயர் தெரியாத ஃபொஸ்ஸோர்கள் வெட்டிய படுக்கைகள் 1,800 வருஷம் நின்றுவிட்டன. அதில் கால்வாசி நின்றாலும் போதும்.